சவரி அண்ணனின் ‘தாமதம்’

பஷீர் அண்ணனின் அழைப்பு வந்தபோது காலை நேரம். நான் வேலை பார்க்கும் ரத்தப் பரிசோதனை நிலையத்தில், வெறும் வயிற்றோடு வந்தவர்கள் வரிசையில் நின்றிருந்தார்கள். பஷீர் எங்கள் குழுவின் டிரம்மர், நாகூர்க்காரர். போனை எடுத்ததும் சத்தமாகச் சிரித்துவிட்டுத்தான் பேச ஆரம்பிப்பார். அன்று மூச்சுச் சத்தம் மட்டும் கேட்டது.

“என்னண்ணே?” என்றேன்.

“சவரி போயிட்டான்மா. காபி குடிச்சுக்கிட்டு இருந்திருக்கான். அப்படியே நாற்காலியில சாஞ்சிட்டானாம்.”

மதியத்துக்குள் எல்லோருடைய செல்பேசியிலும் சவரிமுத்து அண்ணன் ஆடிக்கொண்டிருந்தார். திருவாரூர்ப் பக்கம் ஒரு கல்யாணத்தில் கட்டைவிரலால் பேஸ் கிட்டார் கம்பியை அறைந்து அறைந்து வாசிக்கும் வீடியோ. வேளாங்கண்ணியில் ஒரு வரவேற்பில் மாப்பிள்ளையின் மாமனாரே வேட்டியை மடித்துக்கட்டி இறங்கிய வீடியோ. ‘டெல்டாவின் ஆட்டக்காரன் மறைந்தார்’ என்று எழுதியிருந்தார்கள். அதில் பொய் எதுவும் இல்லை. ஆனால் ‘தாமதம்’ பற்றி ஒருவர்கூட ஒரு வரி எழுதவில்லை. அவரை அறிந்தவர்களுக்காக நான் இதை எழுத உட்கார்ந்ததற்கு அதுதான் காரணம். அவர் வெளியிட்ட ஒரே ஆல்பம் அது. பெரும்பாலும் மெதுவான பாட்டுகள். உங்களில் பலரிடம் அந்த சிடி இருந்திருக்கும். பாதிக்கு மேல் கேட்டிருக்க மாட்டீர்கள்.

முதலில் அந்த ஆட்டத்தைச் சொல்லிவிடுகிறேன். வெட்டாற்றங்கரையில் ஒரு சின்ன ஊர் அவருடையது. அப்பா அடுத்தவர் நிலத்தில் டிராக்டர் ஓட்டியவர். சவரி அண்ணன் தஞ்சாவூரில் எரிந்துபோன பம்ப்செட் மோட்டாருக்குச் செப்புக்கம்பியால் புதிதாகக் காயில் கட்டும் கடை வைத்திருந்தார். பேஸ் கிட்டார் அவருக்கு ஊர் மாதா கோயில் பாடகர் குழுவில் கிடைத்தது. யாரும் தொடாமல் மூலையில் சாய்ந்து கிடந்ததாம். பஷீர் அண்ணனின் மாமா ஒருவர் கப்பலில் வேலை பார்த்தார். அவர் கொண்டுவந்த கேசட்டுகளில் ஃபங்க் இசை இருந்தது. ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று தாளம் எண்ணினால், அந்த ஒன்றில் முழு பலத்தையும் இறக்கி, மற்ற மூன்றிலும் கேட்பவர் இடுப்பைச் சும்மா இருக்க விடாத இசை. அதில் பாடகர் முக்கியமில்லை, பேஸ்தான் எஜமான். சவரி அண்ணன் அதைக் கேட்டுக் கேட்டு, நம் ஊர்க் கல்யாணங்களுக்கு ஏற்றமாதிரி ஆக்கிக்கொண்டார். ‘வெட்டாறு பாய்ஸ்’ என்று குழுவுக்குப் பெயர் வைத்தார்கள். பிறகு நான் பாடகியாகச் சேர்ந்தேன். பெயரை மாற்றலாமா என்று ஒருமுறை பேச்சு வந்தது. “பேனர் அடிச்சாச்சு” என்று பஷீர் அண்ணன் முடித்துவிட்டார்.

ஒருமுறை சவரி அண்ணன் ஊர்க் கோயிலில் ஒரு கல்யாணம். புதிதாக வந்திருந்த பாதிரியார் எங்களைப் பார்க்க மேடைக்குப் பின்னால் வந்தார். “மியூசிக் ரொம்ப நல்லா இருக்கு சவரி. இதுக்குப் பேரு என்ன?” என்று கேட்டார்.

“ஃ... ஃபங்க், ஃபாதர்.”

“நம்ம பங்குன்னு தெரியுதுப்பா. மியூசிக்குக்குப் பேரு என்ன?”

கத்தோலிக்கர்கள் தங்கள் கோயில் வட்டாரத்தைப் பங்கு என்றுதான் சொல்வார்கள். நான் லூத்தரன் என்ற புராட்டஸ்டன்ட் சபை வீட்டுப் பெண், எனக்கே புரிந்துவிட்டது. பஷீர் அண்ணன் சிரிப்பை அடக்க முடியாமல் வெளியே ஓடினார். அன்றிலிருந்து எங்கள் இசைக்கு ‘பங்கு மியூசிக்’ என்றே பெயராகிவிட்டது. முன்பதிவு செய்ய வருபவர்களே, “அந்தப் பங்கு மியூசிக் உண்டுல்லங்க?” என்று கேட்பார்கள்.

அந்த உரையாடலில் நீங்கள் கவனித்திருக்கலாம். சவரி அண்ணனுக்குத் திக்கும். சில எழுத்துகளில் உதடு ஒட்டிக்கொள்ளும், கழுத்து நரம்பு புடைக்கும், கண் எங்கோ போய்விடும். பள்ளியில் இதற்காகப் பட்டப்பெயர் வாங்கி, வாத்தியார் கேள்வி கேட்டாலே தெரியாது என்று கையை ஆட்டிவிடுவாராம். விடை தெரிந்தாலும் அப்படித்தான். குழுவில் அவர் பேச வேண்டிய தேவையே இருக்காது. பாட்டை மாற்ற வேண்டுமா, நிறுத்த வேண்டுமா, எல்லாவற்றையும் பேஸில் சொல்லிவிடுவார். மேடையில் பேசுவது என் வேலை.

மன்னார்குடியில் ஒரு வரவேற்பு. நிகழ்ச்சியைத் தொகுத்த இளைஞனுக்கு விஷயம் தெரியாது. பாட்டுக்கு நடுவே மைக்கை நேராக அவர் வாயருகே நீட்டி, “அண்ணே, மணமக்களுக்கு நாலு வார்த்தை வாழ்த்துங்க” என்றான். கூட்டம் முழுக்க இவரையே பார்க்கிறது. அவர் மைக்கைப் பார்த்தார், மணமக்களைப் பார்த்தார், சிரித்தார். பிறகு பேஸில், ஒருவர் பேசுகிற ஏற்ற இறக்கத்திலேயே, ஒரு நீளமான வாழ்த்தை வாசித்தார். நடுவில் இருமல்கூட வந்தது! கடைசியில் மணப்பெண்ணின் தலையைத் தொட்டு ஆசீர்வதிப்பதுபோல ஒரே ஒரு மெல்லிய ஸ்வரம். மண்டபம் எழுந்து நின்று கைதட்டியது. அப்படி ஒரு கைதட்டலை அதற்கு முன்னும் பின்னும் நாங்கள் வாங்கியதில்லை.

வேனில் திரும்பும்போது நான் அதைப் புகழ்ந்துகொண்டே வந்தேன். அவர் ஜன்னல் பக்கம் பார்த்தபடி, “இ... இன்னிக்கும் தப்பிச்சிட்டேன் ஜெபா” என்றார்.

அடுத்த சில மாதங்களில்தான் ஆல்பம் போடப் போவதாகச் சொன்னார். எங்களுக்கெல்லாம் ஒரே கொண்டாட்டம். பஷீர் அண்ணன் டிரம்ஸுக்குப் புது சிம்பல் தட்டு வாங்கிவிட்டார். ஒத்திகைக்கு உட்கார்ந்து முதல் பாட்டைச் சவரி அண்ணன் வாசித்துக் காட்டினார். அது நகரவே இல்லை. இரண்டாவது பாட்டு அதைவிட மெதுவானது.

“என்னடா இது? இதுக்கு எவன் ஆடுவான்?” என்றார் பஷீர் அண்ணன்.

“ஆ... ஆட வேணாம். உக்காந்து கேக்கட்டும்.”

“பேரு?”

“‘தாமதம்’.”

“வெளங்கிரும். சரி, யாரு பாடுறது? ஜெபாவா?”

சவரி அண்ணன் தன் நெஞ்சில் விரலை வைத்தார். பஷீர் அண்ணன் டிரம்ஸ் குச்சியைக் கீழே வைத்துவிட்டு, “அப்ப சரி. வாசிக்கலாம்” என்றார். அதற்கு முன் அவர்கள் இருவரும் எத்தனையோ விஷயத்துக்குச் சண்டை போட்டிருக்கிறார்கள். அன்று சண்டை வரவில்லை.

திக்குபவர்கள் பாடும்போது திக்குவதில்லை என்பது எனக்கு அப்போது தெரியாது. அது பலருக்கும் அப்படித்தான் என்று பிறகு ஒரு டாக்டர் சொன்னார். சவரி அண்ணனுக்கு அது சிறுவயதிலேயே தெரிந்திருக்கிறது. கோயிலில் கும்பலோடு பாடும்போது வாய் சரளமாக ஓடியதாம். அப்படியானால் ஏன் இத்தனை வருஷம் பாடவில்லை என்று கேட்டேன். வேகமான பாட்டில் யார் வேண்டுமானாலும் ஒளிந்துகொள்ளலாம், தான் அதில்தான் ஒளிந்திருந்ததாகச் சொன்னார். “மெதுவான பாட்டுல ஒ... ஒளிய எடம் கிடையாது ஜெபா. அங்க நின்னுதான் ஆகணும்.”

பதிவு ஒரு பம்ப்செட் கடையின் மாடியில் இருந்த சின்ன ஸ்டூடியோவில் நடந்தது. குமரன் என்பவர் ஒலிப்பதிவாளர், கைதேர்ந்தவர். சவரி அண்ணன் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்று முதல் பாட்டைப் பாடினார். பெரிய குரல் இல்லை. மேலே போனால் லேசாக உடையும். ஆனால் ஒரு வார்த்தையும் தடுக்கவில்லை. இருபது வருஷம் பக்கத்தில் நின்று வாசித்த மனிதர் முழு முழு வாக்கியமாகத் தடுக்காமல் சொல்வதை நான் அன்றுதான் கேட்டேன். பஷீர் அண்ணன் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார்.

மூன்றாவது பாட்டுதான் எல்லாவற்றுக்கும் மேலே. அது சவரி அண்ணனின் மனைவி பிலோமினா அண்ணிக்கானது. அண்ணனுக்கு ‘பி’ மிகவும் கஷ்டமான எழுத்து. வீட்டில் அவர் அண்ணியை “இந்தா” என்றுதான் கூப்பிடுவார். நம் வீடுகளில் பல ஆண்களும் அப்படித்தானே, யாருக்கும் அது வித்தியாசமாகப் படவில்லை. அந்தப் பாட்டு தொடங்குவதற்கு முன் பேஸில் நான்கு ஸ்வரம் மெதுவாகச் சுற்றி வரும். அதன்மேல் அவர் பாடாமல், பேச்சாக, பெயரைச் சொன்னார். பாடினால் தடுக்காது. பேசினார், அதனால் தடுத்தது. “பி... பி...” என்று நின்றது. விரல்கள் மட்டும் அதே நான்கு ஸ்வரத்தை அவசரமே இல்லாமல் வாசித்துக்கொண்டிருந்தன. தாளம் ஒரு சுற்று போய், இன்னொரு சுற்றும் போய், பிறகு “பிலோமினா” என்று முழுதாக வந்தது. அதன் பிறகு பாட்டு:

சொல்ல எடுத்த சொல்லு
தொண்டைக்குள்ள நெல்லு
முளைச்சு வர நாளாகும்
நீ வாசலில நில்லு

பாடி முடித்து வெளியே வந்ததும் குமரன் தயங்கித் தயங்கிச் சொன்னார். “அண்ணே, ரொம்ப அருமையா வந்திருக்கு. ஆரம்பத்துல அந்த இடத்த மட்டும் வெட்டி ஒட்டிடுறேன். ஒருத்தருக்கும் தெரியாது.”

“வெ... வெட்டாத.”

“தப்பா நினைக்காதீங்க. கேக்குறவங்க சிரிச்சிடக் கூடாதுன்னுதான்.”

சவரி அண்ணன் நாற்காலியை இழுத்து அவர் முன்னால் உட்கார்ந்தார். நிறைய நேரம் எடுத்துக்கொண்டு சொன்னார்: “அ... அதுதான்யா பாட்டு. மீதி எல்லாம் அதுக்கு அப்புறம் வர்றது.” குமரன் வெட்டவில்லை.

வெளியீட்டு விழாவை ஒரு கல்யாண மண்டபத்தில் வைத்தோம். நல்ல கூட்டம். இரண்டாவது பாட்டிலேயே பின்வரிசையிலிருந்து “பங்கு மியூசிக்! பங்கு மியூசிக்!” என்று கத்த ஆரம்பித்தார்கள். மூன்றாவது பாட்டில் பெயர் தடுத்து நின்றபோது சிலர் மைக் கோளாறு என்று நினைத்தார்கள், சிலர் சிரித்தார்கள். அவர் நிறுத்தவில்லை. கண்ணைத் திறந்து வைத்தபடி, முன்வரிசையில் உட்கார்ந்திருந்த அண்ணியைப் பார்த்தே பாடி முடித்தார். கடைசிப் பாட்டின்போது பாதிப் பேர் பந்திக்குப் போய்விட்டார்கள். உள்ளூர் கேபிள் டிவியில் ஒருவர், “சவரிக்கு வயசாயிடுச்சு போல” என்றார். கடைகளுக்குப் போன சிடிகள் திரும்பி வந்தன.

அடுத்த வாரம் ஒரு கல்யாணத்தில் அவர் வழக்கம்போலக் கட்டைவிரலால் கம்பியை அறைந்தார், கூட்டம் வழக்கம்போல ஆடியது. ‘தாமதம்’ பாட்டுகளை அவர் மறுபடி மேடையில் வாசிக்கவே இல்லை. மனம் உடைந்துவிட்டது என்று நாங்கள் நினைத்தோம். பல வருஷம் கழித்து ஒருநாள் நேராகவே கேட்டுவிட்டேன்.

“உ... உடையவா? சொல்ல வேண்டியதச் சொல்லி முடிச்சாச்சு. திரும்பத் திரும்பச் சொல்ல அது என்ன வி... விளம்பரமா?” என்று சிரித்தார்.

அடக்கம் முடிந்த மறுநாள் நான் வேலைக்குப் போகவில்லை. கதவைச் சாத்திக்கொண்டு ‘தாமதம்’ முழுவதையும் ஒரே மூச்சில் கேட்டேன். நான் கோரஸ் பாடிய ஆல்பம்தான், எனக்கு மனப்பாடமாகத் தெரியும் என்றுதான் நினைத்திருந்தேன். கேட்கக் கேட்க உடம்பு சிலிர்த்தது.

மேடையில் அவருடைய அடையாளமே அந்த முதல் அடி. தாளத்தின் ஒன்றில் ஓங்கி இறங்குவது. இந்த ஆல்பத்தில் ஏறக்குறைய எல்லாப் பாட்டிலும் அவர் அந்த ஒன்றைக் காலியாக விட்டிருக்கிறார். டிரம்ஸ் முன்னால் போய்விடும், கீபோர்டு முன்னால் போய்விடும், நீங்கள் காதைத் தீட்டிக்கொண்டு காத்திருப்பீர்கள், பிறகுதான் பேஸ் வரும். சோம்பல் என்று அன்று சொன்னார்கள். அது சோம்பல் இல்லை. எல்லோரும் பேசி முடித்த பிறகுதான் வாயைத் திறக்க முடிந்த ஒரு மனிதன், அந்தக் காலதாமதத்தையே தாளமாகக் கட்டியிருக்கிறான். அதற்குள் அவர் காத்திருக்கிறார், கேட்பவரையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்கிறார். ஃபங்க் தெரியாத ஒருவரால் இதைச் செய்திருக்க முடியாது. அந்த ஒன்றின் பலம் கையில் இருப்பவனால்தான் அதை இவ்வளவு துணிச்சலாக விட்டுக்கொடுக்க முடியும்.

‘கடைமடை’ என்று ஒரு பாட்டு. வாய்க்காலின் கடைசியில் இருக்கும் வயல்களுக்குக் காவிரித் தண்ணீர் வந்து சேர்வதைப் பற்றியது. பார்த்தவர்களுக்குத் தெரியும், தண்ணீர் பாய்ந்து வராது. சருகையும் நுரையையும் முன்னால் தள்ளிக்கொண்டு, வெடிப்பு வெடிப்பாக நின்று நிரப்பிவிட்டு, கொஞ்சம் கொஞ்சமாக நகரும். பேஸ் அப்படியே வாசிக்கிறது. ஒரு ஸ்வரம் வெடிப்புக்குள் இறங்கிக் காணாமல் போகும். முடிந்துவிட்டது என்று நினைக்கும்போது அடுத்த ஸ்வரம் நிரம்பி மேலே வரும். பாட்டின் கடைசியில் எல்லாம் நிரம்பித் தளும்பும்போது, வேகம் துளிகூடக் கூடியிருக்காது. சத்தமும் கூடியிருக்காது. ஆனால் அறை முழுக்கத் தண்ணீர் நிற்கும். இதை ஒரு மனிதன் நான்கு கம்பிகளை வைத்துக்கொண்டு செய்தான். நான் அந்த மனிதனுக்கு டீ கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறேன்.

அன்று மாலையே பஷீர் அண்ணனைக் கூப்பிட்டேன். “முப்பதாம் நாளுக்கு ‘தாமதம்’ வாசிக்கலாமாண்ணே? முழுசா?”

“நானும் அதத்தான் கேட்டுக்கிட்டு இருக்கேன்” என்றார். அவர் பின்னணியில் ‘கடைமடை’ ஓடிக்கொண்டிருந்தது.

முப்பதாம் நாள் நினைவுத் திருப்பலி முடிந்து, கோயில் மண்டபத்தில் உட்கார்ந்தோம். பேஸை அவருடைய மகள் வாசித்தாள், அப்பாவிடம் பழகிய கை. பாட்டுகளை நான் பாடினேன். யாரும் ஆடவில்லை, எழுந்தும் போகவில்லை. அண்ணியின் பாட்டில் மட்டும் ஆரம்பத்துப் பேச்சை நான் சொல்லவில்லை. அது என்னுடையது இல்லை. மகள் அந்த நான்கு ஸ்வரத்தை வாசித்தாள், வார்த்தை இல்லாமல் இரண்டு சுற்று போனது, அதன் பிறகு பாடினேன்.

முடித்ததும் பின்வரிசையிலிருந்து ஒருவர் எழுந்தார். முப்பது வயது இருக்கும். பக்கத்தில் ஒரு பெண், மடியில் குழந்தை. எங்களில் யாருக்கும் அவரைத் தெரியாது.

“நா... நான் அ... அறுப்பு மெஷின் ஓட்டுறேங்க. ஒ... ஒரத்தநாடு பக்கம்.”

அவருக்கு சவரி அண்ணனைவிட அதிகமாகத் தடுத்தது. ஒவ்வொரு வாக்கியமாக, பல இடங்களில் நின்று நின்று, அவர் சொன்னது இதுதான். அவருடைய முதலாளியின் வண்டியில் இந்த சிடி கிடந்திருக்கிறது. வயலில் மெஷினை நிறுத்திவிட்டுக் கஞ்சி குடிக்கும்போது போட்டுப் பார்த்திருக்கிறார். மூன்றாவது பாட்டு வந்திருக்கிறது. சிடி மாட்டிக்கொண்டது என்று நினைத்து எழுந்தவர், பெயர் முழுதாக வந்ததும் அப்படியே உட்கார்ந்துவிட்டாராம். அந்தப் பாட்டைச் செல்லில் ஏற்றிக்கொண்டார். பெண் பார்க்கப் போன வீட்டில், இருவரையும் தனியாகப் பேசச் சொன்னார்கள்.

“நா... நான் பேசுறதுக்கு மு... முன்னாடி இத ஒரு தடவ கேளுங்கன்னு இவங்ககிட்ட கு... குடுத்தேங்க.”

அந்தப் பெண் தலைகுனிந்து சிரித்தாள். அவருக்கு மேலே சொல்ல வரவில்லை. அவளே எழுந்து நின்றாள். “கேட்டேங்க. கேட்டுட்டு, நீங்க மெதுவாவே பேசுங்க, எனக்கு ஒண்ணும் அவசரமில்லன்னேன்” என்றாள். “அவரு எறந்ததக் கேள்விப்பட்டதுலேருந்து இவரு சரியா சாப்பிடவே இல்ல. அதான் வந்தோம்.”

பஷீர் அண்ணன் எழுந்து போய் அவரைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். பிலோமினா அண்ணி அதுவரை அழாமல் இருந்தார். மெல்ல நடந்து போய்க் குழந்தையை வாங்கி இடுப்பில் வைத்துக்கொண்டார். “எங்க வீட்டுக்காரருக்கு நீங்க வந்தது ரொம்பப் பெரிய மரியாதைங்க. சாப்பிட்டுட்டுத்தான் போகணும். தம்பிக்கு நான் பரிமாறுறேன்” என்றார். அவர்கள் சாப்பிட்டு முடிக்கும்வரை குழந்தை அண்ணியிடம்தான் இருந்தது.

கடைகளிலிருந்து திரும்பி வந்த ஓர் ஆல்பம் அது. அது போய்ச் சேர்ந்த இடங்களில் இது ஒன்று. இன்னும் எங்கெங்கோ சேர்ந்திருக்கும் என்று இப்போது நம்புகிறேன். அவரை அறிந்தவர்களை ஒன்று கேட்டுக்கொள்கிறேன். அந்த வீடியோக்களைப் பாருங்கள், ஆடுங்கள், அதுவும் அவர்தான். பிறகு ஒருநாள் ஓய்வாக உட்கார்ந்து ‘தாமதம்’ கேளுங்கள். நம்மோடு டீ குடித்து, வேனில் தூங்கி வழிந்து, மோட்டாருக்குக் காயில் கட்டிக்கொண்டிருந்த ஒருவர் எவ்வளவு பெரிய கலைஞர் என்று தெரியும்.

அவருடைய கிட்டார் மகளிடம் இருக்கிறது, அதுதான் சரி. பஷீர் அண்ணன் அவருடைய பழைய தொப்பியைக் கேட்டு வாங்கிக்கொண்டார். நான் எடுத்துக்கொண்டது கையில் பிடிக்கிற பொருள் இல்லை. எங்கள் பரிசோதனை நிலையத்தில் நாள் முழுக்க ஆட்கள் வருகிறார்கள். வயதானவர்கள், பயந்தவர்கள், வாதம் வந்து வாய் கோணியவர்கள். அவர்கள் சொல்ல ஆரம்பிப்பதை நானே முடித்துவைக்கும் வேகம் இந்த வேலையில் தானாக வந்துவிடும். இப்போது நான் “பேரச் சொல்லுங்க” என்று கேட்டுவிட்டு, பேனாவை மேசையில் வைத்துவிடுகிறேன்.